தனியறையும் பந்தியும்: உணவு மறுப்பு நோய்க்கான குழுச்சிகிச்சையின் வரலாறு

நோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நோயை யார் முதலிற் கண்டார், எந்த மருந்தை யார் முதலிற் கொடுத்தார் என்பனவே அந்நூல்களின் அத்தியாயங்களாக அமைகின்றன. நோயாளி எங்கே கிடந்தார், அவரருகில் யார் இருந்தனர், யாருடன் அவர் உண்டார் என்னும் வினாக்கள் அவற்றில் அருகியே எழுகின்றன. ஆயினும் ஒரு நோயைப் பொறுத்தவரையிலேனும் இவ்வினாக்களே தலையாயவை. உணவு இருந்தும் உண்ண மறுத்து, உடல் மெலிந்து, சில வேளைகளில் உயிரையும் இழக்கச் செய்யும் அந்நோயை மேலைநாட்டு வைத்தியர் அனொரெக்சியா நேர்வோசா என்பர். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக இந்நோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையை நோக்கின், நோயாளியின் அருகில் யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்பது பற்றிய நீண்டதொரு வழக்காகவே அது தோன்றுகின்றது. முதலில் உற்றார் அனைவரும் அகற்றப்பட்டனர். பின்னர் அதே நோயுடையோர் அருகில் அமர்த்தப்பட்டனர். அண்மைக் காலத்தில், அகற்றப்பட்டோர் திரும்ப அழைக்கப்படுகின்றனர். இம்மாற்றங்கள் எவ்வாறு நேர்ந்தன, அவற்றாற் பயன்பெற்றோர் யாவர், விடுபட்டோர் யாவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரிசி விலையும் மாவின் விலையும் அன்றாடப் பேச்சாகவுள்ள நாட்டில் இருந்துகொண்டு, உணவிருந்தும் உண்ணாதோரின் நோயை ஆராய்வானேன் என வாசகர் வினவலாம். செல்வர் வீட்டு நோய் எனச் சிலர் இதனைத் தள்ளிவிடவும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏடுகள் அவ்வெண்ணத்துக்கு இடமளிப்பது உண்மையே. அவற்றில் வரும் நோயாளரிற் பெரும்பாலோர் வசதிமிக்க குடும்பத்துப் பெண்கள். ஆனால் வைத்தியரை வீட்டுக்கு அழைக்க வல்லோரின் நோயே வைத்தியரின் ஏட்டில் ஏறும் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. பிற்கால ஆய்வுகள் இந்நோயைப் பல நாடுகளிலும், பல வகுப்பினரிடையேயும், ஆண்களிடையேயுங்கூடக் கண்டுள்ளன. உளநோய்களுள் மிகக்கூடிய இறப்பு வீதமுடையனவற்றுள் இதுவும் ஒன்று. எனவே இதனை ஆடம்பர நோயாகக் கருதுதல் தகாது.

இந்நோயின் நவீன வரலாறு 1873ஆம் ஆண்டில் இரு தலைநகரங்களில் ஏறத்தாழ ஒருங்கே தொடங்குகின்றது. பாரிஸில் சார்ள்ஸ் லசேக் என்னும் வைத்தியர் தாம் கண்ட எட்டு நோயாளரைப் பற்றி அவ்வாண்டு ஏப்பிரலில் எழுதினார். இலண்டனில் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சேர் வில்லியம் கல் ஒக்டோபரில் கிளினிக்கல் சங்கத்தின் முன் தமது கட்டுரையைப் படித்தார். அது 1874இல் அச்சேறியதோடு அனொரெக்சியா நேர்வோசா என்னும் பெயரும் நிலைபெற்றது. கல்லின் கட்டுரையில் வரும் செல்வி ஏ என்பவர், பதினேழாம் வயதில், 5 அடி 5 அங்குல உயரத்துக்கு 82 இறாத்தல் நிறையுடன் அவரிடம் வந்தவர். பின்னர் 128 இறாத்தலுக்கு உயர்ந்தார். நோயுற்றபோதும் தேறியபோதும் பெறப்பட்ட அவருடைய முகச்சித்திரங்கள் கட்டுரையோடு அச்சிடப்பட்டன. நோயாளியை நிறையாலும் படத்தாலும் அறிமுகஞ் செய்யும் வழக்கம், இந்நோயைப் பற்றிய எழுத்தில், அன்றே வேரூன்றிவிட்டது எனலாம்.

இரு வைத்தியர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர். குடும்பத்தார் இந்நோயாளிக்கு உதவ வல்லவரல்லர் என்பதே அது. குடும்பத்தாரிடம் கெஞ்சலும் மிரட்டலுமாகிய இரு வழிகளே உண்டென்றும், அவை இரண்டும் நோயை வலுப்படுத்துவனவே என்றும் லசேக் கண்டார். நோயாளியை மட்டும் வருணித்துக் குடும்பத்தை விட்டுவிட்டால் நோயின் சித்திரம் நிறைவுறாது எனவும் அவர் உணர்ந்திருந்தார். கல் இன்னும் கடுமையானவர். நோயாளியைச் சூழ்ந்திருக்க வேண்டியோர் அவர்மீது ஒழுக்க அதிகாரஞ் செலுத்தத் தக்கவராயிருத்தல் வேண்டும். உறவினரும் நண்பரும் பெரும்பாலும் இப்பணிக்கு மிகத் தகுதியற்றோர் என்பது அவர் கருத்து. பிணியாளரைச் சுற்றி உறவு திரண்டிருப்பதையே பரிவின் அடையாளமாகக் கொள்ளும் நம்போன்றோர்க்கு இக்கருத்து விந்தையாகத் தோன்றும்.

இக்கருத்தைக் கோட்பாடாக உயர்த்தியவர் பாரிஸின் சல்பெற்றியேர் வைத்தியசாலையில் புகழோங்கி விளங்கிய சார்க்கோ ஆவார். 1880களில் அவர் ஆற்றிய விரிவுரையொன்றில் அங்கூலேம் நகரத்துச் சிறுமியொருத்தியின் கதை வருகின்றது. உண்ண மறுத்து எலும்பாகிக்கொண்டிருந்த அவளைப் பெற்றோர் பாரிஸுக்குக் கொணர்ந்தனர். அவளை நிலையமொன்றில் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் நகரை விட்டகல வேண்டும் என்றார் சார்க்கோ. அவர்களோ மகளைப் பிரிய மனமின்றித் தயங்கினர். அவர் கண்டித்து வற்புறுத்திய பின்னரே அகன்றனர். அதன் பின் சிறுமி உண்ணத் தொடங்கினாள். பெற்றோர் அருகிலிருந்தவரை தன் நோய் கடுமையானதன்றெனத் தான் நினைத்திருந்ததாகவும், வைத்தியரே வென்றார் எனக் கண்டதும் அச்சமுற்று, விருப்பமின்றியும் உண்ண முயன்றதாகவும் அவள் பின்னர் கூறினாள். சார்க்கோ இதனைத் தமது முறைக்குச் சான்றாகக் காட்டினார். நாம் இதனை வேறொன்றுக்கும் சான்றாகக் கொள்ளலாம். அவள் அச்சத்தினால் உண்டாள் என்பதே அவள் வாயாற் சொல்லப்பட்டது. அச்சம் தணிந்தபின் என்ன செய்வது என்பதற்குச் சார்க்கோவின் முறையில் விடையில்லை.

அத்திலாந்திக்கின் மறுகரையிலே, பிலடெல்பியா நகரில், வெயர் மிற்செல் என்னும் நரம்புநோய் வைத்தியர் இதே தனிமையைச் சிகிச்சைமுறையாகவே வகுத்தார். அவரது ஓய்வுச் சிகிச்சை 1870களில் உருப்பெற்றது. நோயாளி வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்தப்படுவார். பாலும் கொழுப்புணவும் ஊட்டப்படும். உடல் பிடித்துவிடப்படும். வாசித்தல், எழுதுதல், உறவினரைக் காணுதல் யாவும் விலக்கப்படும். இச்சிகிச்சைக்கு உட்பட்ட சாலற் பேர்க்கின்ஸ் கில்மன் என்னும் எழுத்தாளர் 1892இல் ‘மஞ்சட் சுவர்த்தாள்’ என்னும் சிறுகதையில் அதன் கொடுமையை எழுதினார். இவ்வரலாற்றிற் பிலடெல்பியா மீண்டும் மீண்டும் வரும். எனவே அந்நகரின் பெயரை வாசகர் நினைவிற் கொள்ளல் நன்று.

தனிமைச் சிகிச்சை நோயாளியின் நிறையைக் கூட்டியது என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு கட்டில் வேண்டும், தாதி வேண்டும், பல வாரங்களுக்கான கட்டணமும் வேண்டும். குழுச்சிகிச்சையோ இவை எவையும் இல்லாதோரிடையே தோன்றிற்று. அதுவும் உளநோயாளரிடையே அன்று, சயரோகிகளிடையே.

1905ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் யோசப் பிறற் என்னும் வைத்தியர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அக்காலத்திற் சயரோகத்துக்குரிய சிறந்த சிகிச்சை மலைப்பாங்கான இடங்களிலுள்ள சானற்றோரியங்களிற் கிடைத்தது. நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளருக்கு அது எட்டாக்கனி. பிறற் அவர்களை வீட்டிலேயே வைத்து, கூரைமேலும் முற்றத்திலும் கூடாரமடித்து உறங்கச் செய்து, தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் பெறச்செய்ய முயன்றார். எம்மானுவேல் தேவாலயம் பணவுதவி அளித்தது. நோயாளர் தமது அன்றாட நடைமுறையைக் குறிப்பேட்டில் எழுதி, வாரமொருமுறை ஒன்றுகூடினர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிவுறுத்த நேரமின்மையாலேயே பிறற் அவர்களைக் கூட்டினார். ஆனால் கூடியிருந்ததே அவர்களுக்கு மருந்தாயிற்று என்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார். வெவ்வேறு இனத்தவரும் சமயத்தவரும் ஒரே நோயால் உறவினராயினர். தேறியவரைக் கண்டு புதியவர் தேறினார்.

இங்கு ஒரு சிறு விடயம் கவனத்துக்குரியது. பிறற்றின் வகுப்பிலே நிறை கூடுதல் மகிழ்ச்சிக்குரிய செய்தி. சயரோகி ஒருவர் சில இறாத்தல் ஏறினார் என்றால் வகுப்பே களிப்புறும். எண்பது ஆண்டுகளின் பின் உணவு மறுப்பு நோயாளர் குழுவாக அமர்ந்தபோது, அவ்வறையில் எவரும் நிறையின் எண்ணை வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது முதல் விதியாயிற்று. ஒரு குழுவுக்கு ஊக்கமளித்த அதே எண் மற்றைய குழுவுக்கு நஞ்சாயிற்று. குழு என்பது எங்கும் ஒரே வகையான மருந்தன்று என்பதை இவ்வேறுபாடு புலப்படுத்துகின்றது.

சயரோகத்திலிருந்து உளநோய்க்குக் குழுமுறை பரவிய கதையை ஈண்டு சுருக்கமாகவே கூறலாம். குழு உளச்சிகிச்சை என்னும் தொடரை வழக்குக்குக் கொணர்ந்தவர் யாக்கோப் மொறேனோ. 1932இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் பிலடெல்பியாவிற் கூடியபோது அவரது குழுமுறை அங்கு ஆராயப்பட்டது. மதுவடிமைகள் தமக்குள்ளே கூடி ஒருவரையொருவர் தாங்கும் இயக்கம் 1935இல் ஒகையோ மாநிலத்திலே பிறந்தது. இரண்டாம் உலகப்போர் இம்முறையை இன்றியமையாததாக்கிற்று. பேர்மிங்காமுக்கு அண்மையிலிருந்த நோத்பீல்ட் இராணுவ வைத்தியசாலையில், போரினால் உளமுடைந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கிற் குவிந்தனர், வைத்தியர்களோ சிலரே. பியோன், றிக்மன் ஆகிய இருவரும் 1942ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு ஓர் அரும் முயற்சியைத் தொடங்கினர். விடுதியின் ஒழுங்கின்மையையே அனைவரும் கூடித் தீர்க்கவேண்டிய பொதுப் பகையாக அவர்கள் சிப்பாய்கள்முன் வைத்தனர். இராணுவ அதிகாரிகள் ஆறு வாரங்களில் அதனை நிறுத்திவிட்டனர். பின் வந்த போக்ஸும் ரொம் மெயினும் நிதானமாக அதனை வளர்த்தனர். முழு வைத்தியசாலையுமே சிகிச்சைக்குரிய சமூகமாகலாம் என மெயின் 1946இல் எழுதினார். விடுதியில் ஒன்றாக வாழ்தலே சிகிச்சையின் பாதி என்னும் எண்ணத்தின் மூலம் இதுவே.

இங்கும் வறுமையும் நெருக்கடியுமே குழுவைத் தோற்றுவித்தன என்பது கருதத்தக்கது. வைத்தியர் போதாமையாலேயே நோயாளர் ஒருவருக்கொருவர் வைத்தியராயினர்.

இவ்வளவும் நிகழ்ந்தபோது உணவு மறுப்பு நோயாளர் எங்கிருந்தனர்? அவர்கள் தனியறையிலேயே இருந்தனர். 1914இல் ஜேர்மனிய நோயியலாளர் சிமன்ட்ஸ் மூளையடிச் சுரப்பியின் அழிவால் உடல் மெலிதலை விவரித்தபின், உணவு மறுப்பும் சுரப்பிக் குறைபாடே என நம்பிப் பல்லாண்டுகள் சுரப்பிச் சாறு கொடுத்தனர். 1960களிலும் 1970களிலும் நடத்தைச் சிகிச்சை வந்தது. நிறை கூடினால் வானொலி கேட்கலாம், கடிதம் எழுதலாம், உறவினரைக் காணலாம். குறைந்தால் இவை அனைத்தும் பறிக்கப்படும். மிற்செல்லின் தனியறை புதிய பெயருடன் திரும்பிற்று. நாசிசத்தால் ஜேர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவிற் பணியாற்றிய ஹில்டா புறூக் என்னும் அம்மையார் 1974இல் இதன் அபாயங்களை எச்சரித்தார். தம் உடலின் மீதும் வாழ்வின் மீதும் தமக்கு எவ்வித ஆட்சியும் இல்லை என்னும் உணர்வே இந்நோயின் அடி என்பது அவர் துணிபு. அவ்வாறாயின் எஞ்சிய சிறு உரிமையையும் பறித்து உண்ணச்செய்வது நோயின் அடியைத் தொடாது, அதனை ஆழமாக்கும். 1973, 1978ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள் இந்நோயைப் பொதுமக்கள் அறியச்செய்தன.

புறூக்கின் கருத்து சரியாயினும் முழுமையானதன்று. இதனை விளக்கும் சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1944 நவம்பரில் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர், மனச்சாட்சியின் பேரில் போரிட மறுத்த 36 இளைஞரைத் தெரிந்து, விளையாட்டரங்கக் கட்டடத்தில் ஒன்றாக வாழவைத்து, ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். போரினாற் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழியை அறிவதே அப்பரிசோதனையின் நோக்கம். உடல், உள நலமுடையோராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விளைஞர் தம் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை இழந்தபோது, உணவன்றி வேறெதையும் எண்ணமுடியாதவராயினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர், தட்டிலுள்ளதை நீண்டநேரம் அளைந்து உண்டனர், நகைப்பு மறந்தனர், தோழரிடமிருந்து ஒதுங்கினர். இவையாவும் உணவு மறுப்பு நோயாளரிடம் காணப்பட்டு, அவர்தம் குணக்கேடாகக் கருதப்பட்டவை. பட்டினியே மனத்தை இவ்வாறு திரிக்குமாயின், பட்டினியுற்ற மனத்தோடு குழுவில் அமர்ந்து உரையாடுவதால் மட்டும் யாது பயன்? முதலில் உணவு வேண்டும். உரையாடல் உணவோடும் அதன் பின்னும் நிகழ வேண்டும். பிற்கால விடுதிச் சிகிச்சையின் ஒழுங்கு இவ்வுண்மையின் மீதே அமைந்தது.

எனினும் நோயாளரைத் தனியறையிலிருந்து வெளிக்கொணர்ந்தோர் வைத்தியர் மட்டுமல்லர். 1960இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அளவின்றி உண்போர் தமக்கென ஒரு சுயவுதவிச் சங்கம் கண்டனர். 1970இல் நியூயோர்க்கில், பெண்கள் இயக்கத்தின் சூழலில், உணவோடு போராடும் பெண்கள் வைத்தியரின்றித் தாமே வட்டமாக அமர்ந்து பேசினர். அவ்வட்டத்திற் பங்குகொண்ட சூசி ஓர்பக் பின்னர் இலண்டன் திரும்பி, 1976இல் பெண்கள் சிகிச்சை நிலையமொன்றை மற்றொருவருடன் இணைந்து நிறுவினார். 1978இல் அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. தமது உடலை வெறுத்தல் தமது தனிக்குற்றமன்று, சமூகம் தமக்குக் கற்பித்த பாடம் என அப்பெண்கள் கண்டனர். குழுச்சிகிச்சை பற்றிய யாலொமின் நூல் 1970இல் வெளிவந்தது. குழுவிற் குணந்தரும் காரணிகளை அவர் அதில் வகுத்துள்ளார். துன்பம் எனக்கு மட்டும் உரியதன்று என்னும் அறிவு அவற்றுள் ஒன்று. வைத்தியர் நூலில் எழுதியதை அப்பெண்கள் நூலின் துணையின்றியே கண்டறிந்தனர்.

1979இல் இலண்டன் உளமருத்துவர் ஜெரால்ட் ரசல், அளவின்றி உண்டு பின் வலிந்து வாந்தியெடுக்கும் முப்பது நோயாளரை விவரித்து, அதற்குப் புலிமியா நேர்வோசா எனப் பெயரிட்டார். இது இரகசியத்தின் நோய். ஆண்டுக்கணக்காகக் கணவரும் அறியாது நோயுற்றிருந்தோர் பலர். இத்தகையோர்க்குக் குழு பெரிதும் உகந்ததாயிற்று. தன் வாழ்விலேயே முதன்முறையாக, தான் செய்வதை வேறொருவரும் செய்வதாகக் கேட்பவர் அடையும் ஆறுதலை எந்த மருந்தும் தராது. 1983 பெப்ரவரியில் உலகறிந்த பாடகி கறன் காப்பென்ரர் 32ஆம் வயதில் உணவு மறுப்பு நோயின் விளைவால் இறந்தார். அதனால் அந்நோய் செய்தித்தாளின் முதற்பக்கத்துக்கு வந்தது.

அதன்பின் இரண்டாண்டுகளில், 1985இல், பிலடெல்பியாவில் றென்புறூ நிலையம் திறக்கப்பட்டது. உணவுசார் உளநோய்களுக்கென்றே அமைந்த முதலாவது அமெரிக்க விடுதிச் சிகிச்சை நிலையம் எனப் போற்றப்படுவது இது. மிற்செல் பெண்களைத் தனியறையில் அடைத்த அதே நகரில், ஏறத்தாழ நூறாண்டின் பின், பெண்கள் பெண்களோடு வட்டமாக அமர்ந்தனர்.

விடுதி என்பது வைத்தியசாலையுமன்று, வீடுமன்று. உயிராபத்தைக் கடந்தும் தனித்து உண்ண இயலாத நிலையிலுள்ளோர் அங்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்குவர். நாளின் அச்சாணி உணவுவேளை. அனைவரும் ஒரு மேசையிலிருந்து, பணியாளர் உடனிருக்க, குறித்த நேரத்துள் உண்பர். உணவின் பின் உடனே எழுந்து கழிவறைக்குச் செல்லுதல் கூடாது. சிறிது நேரம் ஒன்றாகவே அமர்ந்திருப்பர். குழுவின் மிகக் கடினமான பணி நிகழ்வது அந்நேரத்திலேதான். உண்டதனால் எழும் அச்சமும் குற்றவுணர்வும் அப்போது உச்சத்திலிருக்கும். இவை ஏனைய நாட்களில் வாந்தியாகவோ கடும் உடற்பயிற்சியாகவோ வெளிப்பட்டவை. இங்கு சொல்லாக வெளிப்படவேண்டும். வேறு வேளைகளில் நடைபெறும் குழுக்கள் பலவகைப்படும். பட்டினி உடலை என்ன செய்கிறது எனக் கற்பிக்கும் குழு, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் குழு, சித்திரம் வரையும் குழு, குடும்பம் பற்றிப் பேசும் குழு என்பன அவற்றுட் சில. நிறை, கலோரி, ஆடையளவு ஆகிய எண்கள் எக்குழுவிலும் விலக்கப்பட்டவை.

நமது பந்தியோடு இதனை ஒப்பிட விழைவோர்க்கு ஒரு சொல். பந்தியிற் பக்கத்து இலையைப் பார்த்தல் நாகரிகமன்று என்பர். விடுதி மேசையிலோ ஒவ்வொருவர் கண்ணும் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். அவள் எவ்வளவு விட்டுவைத்தாள், நான் அவளினும் கூடுதலாக உண்டேனா என்னும் கணக்கு ஓயாது. குழுமுறையின் பெருங்கேடு இதுவே. மதுவடிமைகளின் குழுவிலே மிகமோசமான குடிகாரனாக விளங்குதல் பெருமையன்று. இங்கோ மிக மெலிந்திருப்பதே பலருக்கு இரகசியப் பெருமை. தேறுதல் தோல்வியாகத் தோன்றும். உணவை ஒளிக்கவும், நிறுக்குமுன் நீரருந்தி நிறையைக் கூட்டிக்காட்டவும் புதியவர் பழையவரிடம் கற்பதுமுண்டு. இன்னொரு கேடு எளிதிற் புலப்படாதது. பிறர் விருப்பத்தை முகத்திற் படித்து அதன்படி நடக்கச் சிறுவயதிலிருந்தே பழகியோர் இந்நோயாளருள் ஏராளம். அத்தகையோர் எண்மர் கூடின் குழு இனிமையாக நடைபெறும், எவரும் முரண்படார், எவரும் மாறவுமாட்டார். எனவே குழுவை நடத்துவோர், அமைதியாகச் செல்லும் குழுவையே ஐயுற வேண்டியவராவர். எவரேனும் ஒருவர் சினந்து பேசினால் அது முன்னேற்றத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆயினும் இக்கேடுகளுக்கு மாற்றும் குழுவினுள்ளேயே இருந்தது. தன்னைப் பற்றி எவ்விதச் சான்றையும் ஏற்காத நோயாளி, தன்னையொத்த மற்றொருத்தி மெலிந்து நடுங்குவதைக் கண்டு இவள் இறந்துவிடுவாளே எனப் பதறுகிறாள். தன்னிடங் காணமுடியாத நோயைப் பிறரிடங் காண்கிறாள். வைத்தியர் சொல்லும்போது அதிகாரமாகக் கேட்பது, அதே பாதையில் ஓராண்டு முன்சென்றவர் சொல்லும்போது செய்தியாகக் கேட்கிறது. சார்க்கோவின் சிறுமி அச்சத்தால் உண்டாள். குழுவிலிருப்பவர் மற்றவருக்குத் துணையாக உண்ணவும் கூடும். என் நோக்கில், நிறையை எவ்வளவு உயர்த்தியது என்பதைவிட இம்மாற்றமே குழுமுறையின் உண்மைப் பேறு.

இனி, யார் விடுபட்டனர் என்னும் வினாவுக்கு வருவோம். 1985க்குப் பின் அமெரிக்காவில் விடுதிகள் பெருகின. உளநோய்க்கும் உடல்நோய்க்குமான காப்புறுதியிற் பாகுபாடு கூடாதென 2008இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று, உணவுசார் நோய்களுக்கான விடுதிச் சிகிச்சையும் அதனுள் அடங்கும் எனத் தெளிவாக்கிற்று. நோயாளருக்கு இது நற்செய்தியே. ஆனால் காப்புறுதிப் பணம் பாயுமிடத்தில் முதலாளரும் கூடுவர். முதலீட்டு நிறுவனங்கள் விடுதிகளை வாங்கி, கிளைகள் பல திறந்தன. இலாபத்துக்காக நடத்தப்படும் விடுதிகள் தம் வெற்றியை விளம்பரப்படுத்தினும், அவ்வெற்றிக்கு ஒப்பீட்டு ஆய்வுச்சான்று சொற்பமே என அமெரிக்க வைத்தியர்களே குறைகூறினர். காப்புறுதி முடிவுற்ற நாளில் சிகிச்சையும் முடிவுறுவதுண்டு. கட்டிலுக்கு வழியற்ற பொஸ்ரன் ஏழைகளுக்காகத் தோன்றிய முறை, விலையுயர்ந்த கட்டிலோடு சேர்த்து விற்கப்படும் பொருளாயிற்று. காப்புறுதியற்றோர் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றனர்.

இதற்கிடையே, அகற்றப்பட்ட பெற்றோரும் திரும்பிவந்தனர். இம்முயற்சியும் பிலடெல்பியாவிலேயே தொடங்கிற்று. சல்வடோர் மினுச்சினும் அவர்தம் குழுவினரும் குடும்பம் முழுவதையும் நோயாளியோடு மதிய உணவுக்கு அமர்த்தி, அங்கு எழும் பூசலையே சிகிச்சைக்குரிய பொருளாக்கினர். 53 நோயாளருள் 86 வீதத்தினர் தேறினர் என 1978இல் அறிவித்தனர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இன்மையால் அவ்வெண்ணை அப்படியே ஏற்றலரிது. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் ரசலும் அவருடைய சகாக்களும் 80 நோயாளரிடம் முறையான ஒப்பீட்டை நடத்தி 1987இல் முடிவை வெளியிட்டனர். இளவயதில் நோயுற்று, மூன்றாண்டு கடவாதோர்க்குத் தனிச்சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சையே சிறந்தது என அதிற் கண்டனர். பெற்றோரே நோய்க்குக் காரணர் என்னும் குற்றச்சாட்டை இம்முறை கைவிட்டது. அவர்களை அது குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, துணைவராக அமர்த்திற்று. கல்லும் சார்க்கோவும் விதித்த விலக்கு இவ்வாறு நூறாண்டின் பின் நீங்கியது.

2014இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று கட்டிலையே வினாவுக்குட்படுத்திற்று. 172 இளம் நோயாளருள் ஒரு பகுதியினர் மூன்று வாரம் மட்டும் வைத்தியசாலையிற் தங்கி, பின்னர் பகலிற் சிகிச்சைக்கு வந்து மாலையில் வீடு திரும்பினர். தொடர்ந்து தங்கியிருந்தோரைவிட இவர்கள் நிறையிற் பின்தங்கவில்லை, செலவும் குறைவாயிற்று. வீட்டிலிருந்தபடியே வகுப்புக்கு வந்த பிறற்றின் சயரோகிகள் இங்கே நினைவுக்கு வருவர்.

அதே நாட்டின் டிறெஸ்டன் நகரிலும் இலண்டனிலும் 1990களின் இறுதியில் உருப்பெற்ற பல்குடும்பக் குழுமுறையிற் பல குடும்பங்கள் பகல் முழுவதும் ஒன்றாகக் கழிக்கின்றன. மதிய உணவு கூடியே உண்ணப்படுகின்றது. அவ்வேளையிற் சில நாட்களில் இடம் மாற்றி அமர்த்துவர். நோயுற்ற மகள் தன் பெற்றோரிடமன்றி வேறொரு நோயாளியின் பெற்றோரருகில் அமர்வாள். அவளுடைய தாய் இன்னொருத்தியின் தட்டருகில் அமர்வாள். தன் பிள்ளையிடம் கெஞ்சியும் மிரட்டியும் சலித்த தாய், பிறர் பிள்ளையிடம் அவ்வாறு கெஞ்சுவதுமில்லை, மிரட்டுவதுமில்லை. தட்டு வெறுமையாகும்வரை பொறுமையாக அருகில் இருக்கிறாள்.